கோடையில் அச்சு, பங்குனியில் பரீட்சை

ரொறன்ரோவில் பங்குனிக் கடைசியில் ஸ்நோ கரைந்து நிலம் தெரியத் தொடங்கியதும், ஸ்ராம்ப் கொங்கிரீட் போடுகிறவர்களின் கைபேசிகள் ஓயாமல் அடிக்கும். பாதி அழைப்புகள் புது வேலைக்கு. மற்றப் பாதி, போன வருடம் வேலை செய்து கொடுத்த வீடுகளிலிருந்து. "தம்பி, மேல்பக்கம் அப்பளம் மாதிரி உரியுது. ஒருக்கா வந்து பாக்கிறியளோ?" இந்த இரண்டாவது அழைப்பு வராதபடி வேலை செய்யத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நின்று பிடிப்பார்.

கனடாவுக்கு வந்து, வெயர்ஹவுஸ் வேலையில் சலித்து, கையால் ஏதாவது உருவாக்க வேண்டும் என்று தேடுகிற இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் மேசனாக இருந்துவிட்டு இங்கே வந்து அந்தக் கைவேலையை மறந்துகொண்டிருப்பவர்களுக்காகவும்தான். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் தெருக்களில் தார் டிரைவ்வேயைக் கிண்டி எடுத்துவிட்டு, கருங்கல் பாவியதுபோலத் தோன்றும் கொங்கிரீட் போடுகிறவர்களைக் கண்டிருப்பீர்கள். ஈரக் கொங்கிரீட்டின் மேல் ரப்பர் பாய்களை வைத்து மிதித்து, கல்லின் உருவத்தைப் பதிப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் பார்க்க அழகானது, படம் எடுத்துப் போடத் தோன்றும். ஆனால் அந்தத் தளம் பத்துக் குளிர்காலம் தாங்குமா என்பதைத் தீர்மானிக்கிற வேலைகளில் பெரும்பாலானவை படத்தில் விழுவதில்லை.

அச்சுப் பதிக்கும் முறையை 1950களில் வளர்த்தெடுத்தவர் பிராட் போமன். இடம் கலிபோர்னியாவின் மொன்ரறே கடற்கரை. அங்கே நிலம் உறைவதில்லை. அதாவது, வெயில் ஊரில் பிறந்த கலையை நாம் உறைபனி ஊரில் செய்கிறோம். கருவிகளும் அச்சுகளும் அங்கிருந்து வந்தன. குளிரைச் சமாளிக்கும் அறிவை நாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தண்ணீர் என்ற எதிரி

நான் சேர்ந்த முதல் வாரம். லொறியிலிருந்து இறங்கிய கலவை இறுக்கமாக இருந்தது. இழுக்க முடியாமல் திணறினேன். பக்கத்தில் தோட்டத்துக் குழாய் கிடந்தது, கை தானாக அதற்குப் போனது. எங்கள் குழுத் தலைவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "தம்பி, அந்த ஹோஸைத் தொடாதை! இப்ப நீ விடுற தண்ணி மாசியில வெடிக்கும்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முழுப் பாடமும் அந்த ஒரு வசனம்தான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. கொங்கிரீட் பார்வைக்குக் கல். உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்த பஞ்சு. கலவையில் தண்ணீர் கூடினால், அது ஆவியாகிப் போன வழிகள் துளைகளாக மிஞ்சும். மழையும் கரைந்த ஸ்நோவும் அதற்குள் இறங்கி, இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறையும். ரொறன்ரோவின் குளிர் இந்த வகையில் கொடியது. வின்னிபெக்கில் ஒருமுறை உறைந்தால் பல வாரம் அப்படியே கிடக்கும். இங்கே ஏரிக் காற்றால் வெப்பநிலை பூச்சியத்தின் மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் கொங்கிரீட்டுக்கு ஓர் அடி.

அதற்கு மருந்து காற்று. 1930களில் நியூயோர்க் மாநிலத்தில் போட்ட சாலைகளில் சில துண்டுகள் மட்டும் குளிரை நன்றாகத் தாங்கின. தேடிப் பார்த்தபோது, அவற்றுக்கான சீமெந்தை அரைக்கும்போது மாட்டுக் கொழுப்புச் சேர்த்திருந்தது தெரியவந்தது. கொழுப்பு நுரைத்து, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உள்ளே விட்டிருந்தது. உறையும் தண்ணீர் விரிந்து ஒதுங்க அந்தக் குமிழிகள் இடம் கொடுத்தன. இன்று அதே வேலையை ஓர் இரசாயனச் சேர்க்கை செய்கிறது.

ஆகவே ஆலைக்குத் தொலைபேசியில் ஓடர் கொடுக்கும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கனடியத் தரம் சி.எஸ்.ஏ. ஏ23.1 இப்படித் திறந்தவெளியில் உப்பும் உறைபனியும் படும் தளத்தைச் சி-2 வகுப்பில் வைக்கிறது. அதற்கு 28 நாளில் 32 மெகாபாஸ்கல் வலிமை வேண்டும். நீர்-சீமெந்து விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது. வழக்கமான 20 மில்லிமீற்றர் சல்லிக்குக் காற்று 5 முதல் 8 சதவீதம் இருக்க வேண்டும். "32, சி-2, காற்றோடு" என்று சொன்னால் அனுப்புகிறவருக்கு விளங்கும். லொறி வந்ததும் டெலிவரிச் சீட்டில் இதே எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் கொட்ட விடுங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பங்குனியில் பிரச்சினை வந்தால் உங்கள் பக்கம் பேசும் முதல் சாட்சி அது.

அந்த ஹோஸ் கதைக்கு ஒரு கணக்கு. ஒரு கன மீற்றரில் 350 கிலோ சீமெந்து இருந்தால், 0.45 விகிதத்துக்கு ஏறக்குறைய 157 லீற்றர் தண்ணீர் போதும். 8 கன மீற்றர் லொறிக்குள் வேலை இலகுவாகட்டும் என்று 100 லீற்றர் கூட விட்டால் விகிதம் 0.48-ஐத் தாண்டிவிடும். 100 லீற்றர் என்பது ஐந்தாறு நிமிடம் ஹோஸைப் பிடிக்கும் அளவுதான். கலவை இளக வேண்டுமென்றால் தண்ணீர் கூட்டாமலே இளக்கும் பிளாஸ்ரிசைசர் இருக்கிறது. ஆலையிலேயே கேட்டு வாங்குங்கள்.

மண்ணுக்குள் போகும் காசு

வாடிக்கையாளர் நிறத்துக்கும் அச்சுக்கும் பணம் கொடுக்கிறார். நீங்கள் முதலில் செலவழிக்க வேண்டியது அவர் ஒருநாளும் பார்க்கப்போகாத சல்லிக்கு.

ரொறன்ரோப் பகுதியில் கட்டட அத்திவாரங்கள் உறைபனி எட்டாத ஆழமாக 1.2 மீற்றர் வரை கீழே இறக்கப்படுகின்றன. டிரைவ்வேயை அப்படிப் போட முடியாது. அது மண்ணின் மேல் மிதக்கும் தட்டு. அடியில் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால், உறைபனி கீழிறங்கும்போது ஐஸ் அடுக்கடுக்காகத் திரண்டு தளத்தையே தூக்கும். உருகும்போது ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் நிற்கும். கம்பி எவ்வளவு போட்டிருந்தாலும் அந்த வளைவுக்கு முன்னால் தளம் பிளக்கும்.

எனவே தோண்டுங்கள். பழைய மேல்மண், வேர், இளகிய நிரப்பு மண் எல்லாம் வெளியே போகவேண்டும். கிரனுலர் ஏ என்று இங்கே சொல்லும், தூளும் கல்லும் கலந்த சல்லியை 6 முதல் 8 அங்குலம் வரை போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டி மேலால் இடிப்பது ஏமாற்று வேலை. 4 அங்குலத்துக்கு ஒரு தடவை, சற்று ஈரப்படுத்தி, பிளேட் கொம்பக்ரரால் இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. புது வீடுகளில் இன்னொரு பொறி உண்டு. அத்திவாரச் சுவரை ஒட்டி நிரப்பிய மண் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கும். கட்டி முடித்து ஒரு குளிர்காலம் கழியாத வீட்டில் "இப்பவே போட்டுத் தாங்கோ" என்று கேட்டால், காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த வேலை கை நழுவினாலும் பரவாயில்லை.

சரிவு, அடிக்கு கால் அங்குலம். 20 அடிக்கு 5 அங்குலம் வீட்டிலிருந்து விலகிப் போக வேண்டும். பற்றியோவுக்கு 4 அங்குலத் தடிப்பு போதும், கார் ஏறும் இடத்துக்கு 5 அல்லது 6 வேண்டும். கம்பி தளத்துக்கு நடுவில் இருந்தால்தான் பயன். சல்லியின் மேல் படுத்துக் கிடக்கும் கம்பி புதைத்த காசு. அதைத் தாங்கும் சிறு கால்களை வைத்துக் கட்டிவிட்டு, அதன் மேல் நடக்காமல் கொங்கிரீட் ஊற்றப் பழகுங்கள். வீட்டுச் சுவர், கராஜ் தளம், தூண் எல்லாவற்றையும் தொடும் இடத்தில் பிரிக்கும் நார்ப்பலகை வையுங்கள். தளம் தனியே அசையட்டும்.

வெட்டுக் கோடுகளைப் பற்றி வீட்டுக்காரரோடு வாக்குவாதம் வரும். "இவ்வளவு வடிவாப் போட்டிட்டு ஏன் வெட்டுறியள்?" என்பார்கள். 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு வேண்டும். ஆழம் தடிப்பில் நாலில் ஒரு பங்கு. அடுத்த நாளுக்குள் வெட்டிவிட வேண்டும். நாம் வெட்டாவிட்டால் கொங்கிரீட் தானே வெடிக்கும், அதுவும் தன் இஷ்டப்படி கோணலாக. அச்சின் கல் கோடுகளோடு சேர்ந்து போகும்படி வெட்டுகளை முன்கூட்டியே தாளில் வரைந்து காட்டினால், எந்த வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்வார்.

அச்சு வைக்கும் நேரம்

இப்போது எல்லோரும் பார்க்க விரும்பும் பகுதி. 20 அடி அகலம், 50 அடி நீளம், 5 அங்குலத் தடிப்புள்ள ஒரு டிரைவ்வேக்கு ஏறக்குறைய 12 கன மீற்றர் வேண்டும். ஒரு லொறியில் அது அடங்காது. இரண்டு லொறிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதை வேலைத்தள அனுபவம்தான் சொல்லும். முதல் லொறியின் கலவை அச்சுப் பதத்துக்கு வரும்போது இரண்டாவது லொறியில் பாதி இன்னும் கொட்டப்படாமல் இருந்தால், ஆட்கள் இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு என் திடமான ஆலோசனை: ஒரே நாளில் எல்லாம் போடாதீர்கள். ஒரு லொறியில் முடியும் துண்டுகளாகப் பிரித்து, ஓரப் பட்டியை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

கலவையை மட்டப்பலகையால் இழுத்து மட்டமாக்கிய பிறகு, மேலே தண்ணீர் கசிந்து மினுங்கும். அது போகும்வரை தேய்க்காதீர்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் அந்தத் தண்ணீர் மேல்தோலுக்குள் அடைபட்டுப் போகும். அடுத்த மாசியில் உரிவது அந்தத் தோல்தான். மகினீசியப் பலகையால் மெல்லத் தேயுங்கள். இரும்புக் கரண்டியால் பளபளப்பாக்கும் ஆசை, ஊரில் வீட்டுக்குள் சீமெந்துத் தரை இழைத்துப் பழகியவர்களுக்கு அதிகம் வரும். இங்கே வெளித்தளத்தில் அந்தப் பளபளப்பு, மேற்பரப்பிலுள்ள காற்றுக் குமிழிகளை நசுக்கி, தோலை அடைத்துவிடுகிறது. ஊரில் கற்றவற்றில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்த ஒன்று. மட்டம் பார்க்கும் கண், சரிவு பார்க்கும் கண், நூல் கட்டும் ஒழுங்கு, எல்லாம் இங்கேயும் சோறு போடும்.

பதம் எப்போது என்று கேட்பார்கள். விரலை அழுத்தினால் கால் அங்குலம் வரை பதிய வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக்கூடாது. தொதல் கிண்டுகிறவர்கள் கையில் ஒட்டாத பதம் பார்ப்பார்களே, ஏறக்குறைய அப்படி. சிக்கல் என்னவென்றால், தளம் முழுவதும் ஒரே நேரத்தில் அந்தப் பதத்துக்கு வராது. வெயில் படும் பக்கம் முந்தும், கராஜ் நிழலும் மேப்பிள் மர நிழலும் பிந்தும். ஆடி மாதக் காற்று அடிக்கும் நாளில் மேல்தோல் காய்ந்து உள்ளே களியாகவே இருக்கும். அப்போது அச்சு வைத்தால் தோல் கிழியும். தண்ணீர் தெளித்துச் சரிக்கட்டத் தோன்றும். தெளிக்காதீர்கள். ஆவியாவதைத் தாமதப்படுத்தும் தெளிப்பு மருந்து கடைகளில் கிடைக்கிறது, ஒரு போத்தல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

நிறம் இரண்டு வழியில் வரும். கலவையோடு லொறியிலேயே கலப்பது ஒன்று. இன்னும் இறுகாத தளத்தின் மேல் நிறத்தூளைத் தூவித் தேய்ப்பது மற்றது. தூவும் முறையில் நிறம் ஆழமாக இருக்கும், மேல்தோலும் வலுக்கும். ஆனால் காற்றுச் சேர்த்த கலவையில் மேலே கசியும் தண்ணீர் குறைவு. தூள் நனையப் போதாமல் தனித் தோலாக நிற்கும் ஆபத்து உண்டு. கை தேறும்வரை கலவையோடு கலக்கும் நிறத்தையே நான் சொல்வேன். அதில் ஒரு கவனம்: தண்ணீர் கூடக்கூட நிறம் வெளிறும். ஒரு லொறிக்கு ஓர் அளவும் மற்றதற்கு வேறோர் அளவும் என்றால் டிரைவ்வேயில் இரண்டு நிறம் தெரியும். ஹோஸைத் தொடாதிருக்க இன்னொரு காரணம்.

பாய் ஒட்டாமலிருக்கத் தூவும் ரிலீஸ் பவுடரைப் பெரிய பிரஷால் உதறித் தூவுவார்கள். அது எழுப்பும் தூசிக்கு என்95 முகமூடி கட்டாயம். முதல் வரிசைப் பாய்கள் நூலுக்கு நேராக இருந்தால் மற்றதெல்லாம் ஒழுங்காக வரும். பாய் மேல் ஏறி நிற்பவர் ஒருவர், இடிகட்டையால் தட்டுபவர் ஒருவர், ஓரத்தில் மடங்கும் சிறு பாயோடு இன்னொருவர், பின்னால் வந்து இடைக்கோடுகளைச் சிறு உளியால் திருத்துபவர் ஒருவர். புது ஆளுக்கு முதலில் கிடைப்பது பாய் தூக்கிக் கொடுக்கும் வேலை. குறைவாக நினைக்காதீர்கள். எந்தப் பாய் அடுத்து வர வேண்டும் என்பதை எண் பார்த்து எடுத்துக் கொடுக்கும் ஆள்தான் முழுக் குழுவின் வேகத்தையும் தீர்மானிக்கிறார்.

அச்சுத் தெரிவிலும் ஒரு சொல். ஆழமான இடைக்கோடுகள் உள்ள உருளைக்கல் அச்சு படத்தில் அழகு. டிரைவ்வேயில் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தங்கி உறையும், ஸ்நோ தள்ளும் சவள் கொளுவும். டிரைவ்வேக்கு மேலோட்டமான சிலேட் அச்சும் பின்முற்றப் பற்றியோவுக்கு ஆழமானதும் என்று நான் சொல்லிவிடுவேன்.

எப்போது போடக்கூடாது

வைகாசி தொடங்கி புரட்டாதி வரை நல்ல காலம். ஐப்பசி நடுவில் நிறுத்துவது நல்லது. அடுத்த 24 மணி நேரத்தில் வெப்பநிலை 5 பாகைக்கு இறங்கும் என்றால் சி.எஸ்.ஏ. தரம் அதைக் குளிர்கால வேலையாகக் கணக்கிட்டு, பாதுகாப்புக் கேட்கிறது. சாதாரணத் தளமென்றால் போர்வை போட்டுக் காப்பாற்றலாம். அச்சுத் தளத்தில் பொலித்தீனும் போர்வையும் பட்ட இடம் படாத இடம் என்று நிறம் திட்டுத் திட்டாக மாறும். சீக்கிரம் இறுக கல்சியம் குளோரைட் சேர்த்தாலும் நிறம் கெடும், கம்பியும் துருப்பிடிக்கும். உறைந்த நிலத்தின் மேல் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

இதில் நான் பட்டது உண்டு. தொழில் தொடங்கிய வருடம், ஐப்பசிக் கடைசியில் ஒரு வீட்டுக்காரரின் அவசரத்துக்கு இணங்கினேன். கொங்கிரீட் இறுகியது, பார்வைக்கும் நன்றாக இருந்தது. ஆனால் நன்றாகக் காய்ந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும். அதற்குள் உறைபனி வந்துவிட்டது. சித்திரையில் மேற்பரப்பில் பாதி கையோடு வந்தது. உடைத்து, அள்ளி, என் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். அந்த வருட லாபம் முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குப் போனது.

உப்பு, சீலர், வீட்டுக்காரர்

வேலை முடிந்து காசை வாங்கும்போது ஒரு தாள் கொடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும். அதில் எழுத வேண்டியவை: ஒரு வாரத்துக்குக் கார் ஏற்ற வேண்டாம். முதல் குளிர்காலத்தில் உப்பே போட வேண்டாம், வழுக்கினால் மணல் தூவலாம். அமோனியம் நைட்ரேட், அமோனியம் சல்பேட் கலந்த எதையும் எந்த வருடமும் போடக்கூடாது, அவை கொங்கிரீட்டையே அரிக்கும். பலர் மறப்பது ஒன்று: வீட்டில் உப்பு வாங்காவிட்டாலும் நகரசபை வீதியில் போடும் உப்பு காரின் அடியில் ஒட்டி வந்து, கராஜ் வாசலில் சொட்டிச் சொட்டி ஒரே இடத்தில் சேரும். முதலில் உரிவது பெரும்பாலும் அந்த இடம்தான். குளிர் தணிந்த நாட்களில் அதைக் கழுவிவிடச் சொல்லுங்கள்.

சீலர் நல்ல உலர்ந்த தளத்தில், ஏறக்குறைய 28 நாளுக்குப் பிறகு, 10 பாகைக்கு மேலான வெப்பத்தில், மெல்லியதாக இரண்டு தடவை. தடிப்பாக ஒரே பூச்சாக அடித்தால் உள்ளே ஈரம் மாட்டிப் பால்போல வெளுக்கும். வழுக்காமலிருக்கத் தூள் சேர்க்காத சீலரை வாசற்படியில் அடிக்காதீர்கள். அதன் மேல் ஐஸ் படிந்தால் வயதானவர்கள் விழுவார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வேலை செய்து கொடுத்த வீடுகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருந்தால் மெலிந்த வருடத்தில் அதுவே வருமானம்.

உடம்பு

ஈரச் சீமெந்து காரம் மிக்கது, தோலை எரிக்கும். கொடுமை என்னவென்றால், அது எரிக்கும்போது பெரும்பாலும் உடனே வலிக்காது. பூட்ஸுக்குள் கொங்கிரீட் போய், மாலைவரை கவனிக்காமல் இருந்து, இரவில் கணுக்கால் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நான் அறிவேன். முழங்காலில் ஈரம் பட்டால் நனைந்த உடுப்பை உடனே கழற்றி, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். வேலை நிற்கட்டும். பச்சை முக்கோணக் குறியுள்ள ரப்பர் பூட்ஸ், காரம் ஊறாத கையுறை, முழங்கால் பட்டி, கண்ணாடி. இவற்றை முதலாளி தரும்வரை காத்திருக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த கொங்கிரீட்டை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. தண்ணீர் விட்டு வெட்டும் வாளைத்தான் பிடியுங்கள். வேலை நடக்கும்போது கொங்கிரீட்டில் தண்ணீர் விட நான் ஆம் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

தாளில் இருங்கள்

இந்தப் பகுதியை உரக்கச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர்கள் பலர் கையில் காசு வாங்கி வேலை செய்கிறார்கள். வாரம் ஐம்பது அறுபது டொலர் கூடக் கிடைப்பதாகத் தோன்றும். இந்தத் தொழில் கார்த்திகையில் நிற்கிறது, சித்திரையில் தொடங்குகிறது. நடுவே நாலைந்து மாதம் வேலை இல்லை. சம்பளச் சீட்டும் ரி4 என்ற வருட வருமானச் சீட்டும் இருந்தால், உங்கள் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேரம் வேலை செய்ததற்கு வேலையின்மைக் காப்புறுதி கிடைக்கும். தாளில் இல்லாதவருக்கு எதுவும் இல்லை. வேலை நிறுத்தப்படும்போது வேலைப் பதிவுச் சீட்டு தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

காயப்பட்டால் ஒன்ராறியோவின் வேலைத்தளக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி. முதலாளி பதிவு செய்யவில்லை என்றாலும், காப்பு வழங்க வேண்டிய தொழிலில் காயப்பட்ட தொழிலாளி விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோச் சட்டம் தருகிறது. அதைப் பயன்படுத்தியதற்காகத் தண்டிக்க முடியாது.

கொங்கிரீட் ஃபினிஷர் என்பது ஒன்ராறியோவில் சான்றிதழ் கட்டாயமில்லாத தொழில். அதனால் நாளைக்கே சேரலாம். ஆனால் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவில் பயிலுநராகப் பதிந்து, மணி நேரங்களைச் சேர்த்து, ரெட் சீல் பரீட்சை எழுதினால் நாடு முழுவதும் செல்லும். வீட்டு முற்றத்தோடு நிற்காமல் பாலம், உயர்மாடி, சுரங்கரயில் வேலைகளுக்குப் போக அந்தச் சான்றிதழும், லியூனா 183 போன்ற தொழிற்சங்கங்களும் வழி. ரொறன்ரோவின் கொங்கிரீட் தொழிலை இத்தாலியர்களும் போர்த்துக்கீசர்களும் அப்படித்தான் ஒரு தலைமுறையில் தங்கள் பலமாக்கினார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது முடியும்.

தனியாகத் தொடங்குவதென்றால்

இரண்டு குளிர்காலம் கழியும்வரை தனியாகப் போகாதீர்கள். உங்கள் கையால் போட்டது இரண்டு பங்குனி தாண்டியதை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்க வேண்டும். இது சட்டம், கட்டணமும் இல்லை. எரிவாயு, மின், தொலைபேசி நிறுவனங்கள் வந்து நிலத்தில் நிறக்கோடு போடும்வரை மண்ணைத் தொடாதீர்கள். குறைந்தது ஐந்து வேலை நாள் முன்னதாகக் கேளுங்கள். டிரைவ்வேயை அகலப்படுத்துவதற்குப் பிரம்ரன் போன்ற நகரங்களில் அனுமதி வேண்டும். நடைபாதைக்கும் வீதிக்கும் இடைப்பட்ட துண்டு வீட்டுக்காரருடையது அல்ல, நகரசபையுடையது. அனுமதி இல்லாமல் போட்டால் உடைக்கச் சொல்வார்கள். உடைக்கும் செலவு யார் தலையில் என்று அப்போது சண்டை வரும்.

ஒப்பந்தத்தை எழுதுங்கள், சொந்தக்காரருக்கும்கூட. வீட்டில் வைத்து எழுதும் ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஆகவே அதற்குள் பழைய தாரை உடைத்துவிடாதீர்கள். எழுதிய மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கவும் சட்டம் விடாது. நாலு காலாண்டில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. இலக்கம் எடுக்க வேண்டும், 13 சதவீதம் வாங்கிக் கட்ட வேண்டும்.

விலை சொல்லும்போது, பக்கத்துக் குழு சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டு அதில் ஒரு டொலர் குறைக்கும் பழக்கம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. குறைத்த டொலரை எங்கே மிச்சம் பிடிப்பது? சல்லியில்தான், வேறு எங்கே. உடைத்ததை அள்ளிப் போடும் பெரிய குப்பைத் தொட்டி, சல்லி, கம்பி, லொறி, அரை லொறிக்கு ஆலை போடும் மேலதிகக் கட்டணம், வெட்டு, சீலர், திரும்பிப் போய் ரிலீஸ் பவுடரைக் கழுவும் நாள், எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். கூட்டி வந்த தொகைக்குக் கீழே வேலை எடுக்காதீர்கள்.

குழுக்கள் பெரும்பாலும் பங்குனிக் கடைசியில் ஆள் தேடத் தொடங்கும். அரசாங்கத்தின் நான்கு படித் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி இணையத்தில் இலவசம், ஒரு மணி நேரத்தில் முடியும். ஆபத்தான பொருட்களைக் கையாள்வது பற்றிய டபிள்யூ.எச்.எம்.ஐ.எஸ். பயிற்சியையும் முடித்து, இரண்டு சான்றிதழ்களையும் பூட்ஸையும் தயாராக வைத்திருங்கள். போய்ப் பேசும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன், அவர்கள் மூன்று வருடத்துக்கு முன் போட்ட ஒரு டிரைவ்வேயின் விலாசத்தைக் கேளுங்கள். போய்ப் பாருங்கள். கராஜ் வாசலில் மேல்தோல் முழுதாக இருந்தால் அந்தக் குழுவில் சேருங்கள்.